மல்லங்குட்டைக்கு வந்த யானை

காலை ஆறு பத்துக்குச் சாருமதி மல்லங்குட்டையில் தன் வீட்டு வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அதே நேரத்தில் கோவையில், அடுக்ககத்தின் நாற்பத்தோராம் மாடியில், வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டும் இருந்தாள்.

சுவர் அவளை எழுப்பியது.

"சாருமதி நல்லசிவம். நீங்கள் சில நாட்களாகக் காப்புக்காட்டுக்குள் அத்துமீறி நடமாடுகிறீர்கள். மூங்கில்களை முறித்திருக்கிறீர்கள். உடனே வெளியேறவும்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். சுவர் மூச்சு வாங்குவது போல ஒரு கணம் நிறுத்தி, மறுபடி பேசியது.

"இரண்டாவது அறிவிப்பு. மல்லங்குட்டை கீழத்தோட்டத்தில் உள்ள உங்கள் வீட்டில் ஒரு பெண்யானை வசிக்கிறது. நாளை காலை கணக்கெடுப்பு முடியும்வரை அது அங்கேயே இருந்தால், நிலம் காட்டோடு சேரும்."

பக்கத்துக் கட்டிலில் அவள் கணவன் நல்லசிவம் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நீண்டது. காற்றுக்குழாயை மூக்கில் பொருத்திக்கொண்ட பிறகுதான் அவனால் பேச முடிந்தது.

"காட்டுக்குள்ள போயி மூங்கில் திங்கறயாக்கும். இங்க ஒரு தோசைக்கே வயித்த வலிக்குதும்பே."

அவள் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பும் அதிக நேரம் நீடிக்கவில்லை.

மக்கள் ஊர்களைவிட்டு நகரத்துக்கு வந்து சேர்ந்த பிறகு அரசு போட்ட சட்டம் எளிமையானது. மனிதர் இருக்கும் நிலம் மனிதருக்கு. யானை இருக்கும் நிலம் யானைக்கு. யார் எங்கே என்பதை மேலே சுற்றும் வானக்கண் பார்த்துக்கொள்ளும். பிறக்கும் குழந்தைக்கும் பிறக்கும் யானைக்கன்றுக்கும் தோலுக்கடியில் உளுந்து அளவு ஒரு நாடிமணி வைத்தார்கள். அருகில் நாடி துடிக்கும்வரை அது தன் சொந்தக்காரரின் பெயரை வானத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. மனிதரின் பெயர் கேட்காத வயல் காடாகும். யானையின் பெயர் கேட்காத காடு வயலாகும்.

வயல் வைத்திருப்பவர் உழவர். உழவர்களைக் காப்பது அரசின் கொள்கை. ஆகவே உழவர் குடும்பத்துக்கு மட்டும் அடுக்ககத்தில் இடமும் வடிகட்டிய காற்றும் உண்டு. மற்றவர்கள் உப்பங்கரைக்குப் போக வேண்டும். உப்பங்கரைக் காற்றில் நல்லசிவத்தின் நுரையீரல் ஒரு வாரம் தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதை அவர் ஒரு நல்ல செய்தி போலச் சொன்னார். ஒரு வாரம் தாங்குகிறவர்களே குறைவாம்.

அடுக்ககத்தில் வாழ வயலில் இருக்க வேண்டும். வயலில் இருந்தால் அடுக்ககத்தில் வாழ முடியாது. இதற்கு மக்கள் கண்டுபிடித்த வழிதான் பதிலாள். மீள்சுழற்சி முற்றத்தில் பழைய டயரையும் ஞெகிழியையும் உருக்கி, நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் முகத்தை மட்டும் அச்செடுத்து, நெஞ்சில் துடிக்கும் ஒரு ரப்பர்ப் பையை வைத்துக் கொடுப்பார்கள். தோளிலிருந்து நாடிமணியை எடுத்து அந்தப் பையோடு ஒட்டிவிட்டால் முடிந்தது. உழவர்கள் எல்லோருக்கும் இடது தோளில் ஒரு சிறிய தழும்பு இருந்தது. மின்தூக்கியில் கை உயர்த்தும்போது தெரியும். யாரும் யாரையும் கேட்பதில்லை.

வயலில் எந்திரம் கேழ்வரகு விதைக்கும். யானைகள் வந்து மிதிக்கும். பதிலாட்கள் விரட்டுவார்கள். சேதத்துக்கு இழப்பீடு வரும். அறுவடை என்று ஒன்று இருந்ததை யாரும் நினைப்பதில்லை; சாப்பாடு தொட்டியில் விளைந்தது. ஆண்டுதோறும் அரசு அறிக்கை வெளியிடும்: யானைகள் பெருகின, உழவர்கள் பெருகினர். அறிக்கை வரும் நாளில் அடுக்ககத்தில் இனிப்பு கொடுப்பார்கள்.

சாருமதியின் பதிலாளுக்குள் எறும்பு புகுந்துவிட்டது என்று போன மாதம் தகவல் வந்தது. மாதம் இருமுறை மட்டும் ஊருக்குப் போய்வரும் பழுது எந்திரத்திடம், மணியை எடுத்து மீள்சுழற்சி முற்றத்துக்கு அனுப்பிச் சுத்தம் செய்து, திரும்பப் பொருத்தச் சொல்லியிருந்தாள். பொருத்தியாயிற்று என்றும் தகவல் வந்தது. எது பொருத்தப்பட்டது என்று அவள் கேட்கவில்லை.

முற்றம் அடுக்ககத்தின் அடியில் இருந்தது. அதை நடத்தும் தங்கவேலு ஒரு முறம் நிறைய நாடிமணிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மாத்தி வெச்சுப்போட்டீங்களா?" என்றாள் சாருமதி.

"மாறியிருக்கும்" என்றான்.

"என்னங்க இவ்வளவு சாதாரணமாச் சொல்றீங்க?"

"அக்கா, இங்க பாருங்க. இதுல உங்க உளுந்து எது, என்ற உளுந்து எதுன்னு நீங்களே எடுத்துக் குடுங்க பார்ப்போம்."

"பேரு ஒட்டி வெக்கறதுதானுங்க?"

"ஒட்டித்தான் வெச்சேன். பசையும் மீள்சுழற்சிப் பசைதானுங்கக்கா. உட்டுப்போச்சு."

அன்றைக்கு வேறு யார் மணி கொண்டுவந்தார்கள் என்று கேட்டாள்.

"வனத்துறை."

"வனத்துறைக்கு எதுக்கு மணி சுத்தம் பண்ணோணும்? ஆனைக்கு ஒடம்பு செரியில்லீன்னா டாக்டரைக் கூப்புடுவாங்க. மணியக் கழட்டி உங்ககிட்ட எதுக்குக் குடுக்கறாங்க?"

தங்கவேலு முறத்தை ஒருமுறை குலுக்கினான். மணிகள் ஓடி ஒரு பக்கம் சேர்ந்தன.

"நீங்க எதுக்குக் குடுத்தீங்களோ அதுக்குத்தான்" என்றான்.

வனக்காவலர் ஜடையப்பன் முதல் அழைப்பிலேயே எடுத்தார். இதற்காகவே காத்திருந்தவர் போல இருந்தது அவர் குரல். வயதான குரல்.

"நீங்கதானுங்களா அந்தப் பொம்பள? வாங்கம்மிணி. உங்களத்தான் ராத்திரி பகலாத் திரையில பார்த்துட்டு இருக்கறேன். மூங்கில என்ன முறி முறிக்கறீங்க!"

"என்ற பேரக் கெடுத்துப்போட்டீங்க."

"உங்க பேருக்கென்ன. என்ற ஆனை உங்க ஊட்டு வாசலக் கூட்டிட்டு இருக்குது. மேலதிகாரி கேக்கறாரு, ஏய்யா, ஆனை எப்படிய்யா ஒரே எடத்துல ஒரு முழத்துக்கு ஒரு முழம் போயி வருதுன்னு. நான் என்னங்க சொல்றது? அதுக்குச் சுத்தம் புடிக்கும்னு சொன்னேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, அங்க நெசமான ஆனை எத்தனை இருக்குது?"

மறுமுனையில் நாற்காலி கிரீச்சிட்டது.

"உங்கூர்ல நெசமான ஆளு எத்தனை இருக்கறீங்க அம்மிணி?"

பிறகு ஜடையப்பன்தான் முதலில் சிரித்தார். கடைசி யானை செத்தபோது தான் வேலைக்குப் புதிது என்றார். செய்தி வெளியே போனால் காடு வயலாகிவிடும், வயலானால் துறை இருக்காது, துறை இல்லையென்றால் காட்டை யார் காப்பது என்று பெரிய அதிகாரி ஒருவர் அழுதாராம். நல்ல மனிதர் என்றார் ஜடையப்பன். அடுத்த வாரமே டயர் வண்டிகள் வந்து இறங்கின.

"அப்போ எங்க வயல மிதிக்கறது?"

"எங்காளுங்கதான்."

"எங்க பொம்மைங்க தொரத்தறது?"

"அதுங்களத்தான்." கொஞ்சம் பெருமையோடு சொன்னார். "நல்லா ஓடுமுங்க. ஆளு தொரத்துனா மந்தை தானா உள்ள போற மாதிரி பண்ணி வெச்சிருக்குது. நான் ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல."

வழி எளிது. மல்லங்குட்டை எல்லைக் கல் வரைக்கும் அந்த யானையை அவர் திரைமுன் இருந்தபடியே ஓட்டி அனுப்புவார். வலது காதுக்குப் பின்னால் ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்து, அவள் மணியை எடுத்துக்கொண்டு, யானை மணியை வைத்து மூடிவிட வேண்டும். பிறகு தன் பதிலாளுக்கு அவளுடையதைப் பொருத்திவிட்டுப் போகலாம்.

"நீங்களே வந்து மாத்திக் குடுத்தா ஆகாதுங்களா?"

"காட்டுக்குள்ள மனுசன் கால் வெக்கக்கூடாதுங்கம்மிணி. சட்டமுங்க" என்றார் வனக்காவலர். "நான் ஒரு நாளும் வெச்சதில்ல."

அவள் புறப்பட்டபோது நல்லசிவம் கதவுவரை வந்தான். குழாய் அதற்கு மேல் நீளாது.

"வேற யாரையாச்சும் அனுப்பலாமுல்ல?"

"யார அனுப்பறது? எல்லாருமே அங்கதான இருக்கறாங்க" என்றாள்.

அவன் குழாயை விரலால் நீவிக்கொண்டிருந்தான். பயந்தால் அப்படிச் செய்வான்.

ஊருக்குப் போகிறோம் என்று புடவை கட்டியிருந்தாள். ஓட்டுநர் இல்லாத வண்டி அவளை மல்லங்குட்டை முக்கில் இறக்கிவிட்டபோது வெயில் சாய்ந்திருந்தது. முகமூடிக்குள்ளும் வாடை வந்தது. அறுக்காத கேழ்வரகு, அடுக்கடுக்காக, பல வருடத்துக் கேழ்வரகு, மண்ணில் மட்கும் வாடை.

தேநீர்க் கடையில் நால்வர் உட்கார்ந்திருந்தார்கள். கையில் வெறும் கண்ணாடிக் குவளை. நால்வரும் ஒரே நேரத்தில் உயர்த்தி, ஒரே நேரத்தில் இறக்கினார்கள். அவள் கடந்து போனாள். யாரும் திரும்பவில்லை. அவளிடம் மணி இல்லை. அவர்களைப் பொறுத்தவரை சாலையில் எதுவும் போகவில்லை.

முகங்கள் எல்லாம் தெரிந்த முகங்கள். முப்பத்தெட்டாம் மாடி ருக்குமணி ஒரு வேலியோரம் நின்றிருந்தாள். தினமும் மின்தூக்கியில் பார்க்கிற ருக்குமணி அல்ல. அச்செடுத்த அன்றைக்கு இருந்த ருக்குமணி, கல்யாணமான புதிது. வெயிலில் ஒரு பக்கக் கன்னம் உருகி வழிந்து நின்றிருந்தது. அந்தப் பக்கமும் புன்னகை இருந்தது.

காக்கை இல்லை. நாய் இல்லை. அவற்றுக்கு யாரும் மணி வைக்கவில்லை. எங்கோ விளக்குமாறு உரசும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவள் அதைத் தொடர்ந்து நடந்தாள். அது அவள் வீடு.

வாசலில் முப்பது வயதுச் சாருமதி பெருக்கிக்கொண்டிருந்தாள். ஒரே இடத்தை வருடக்கணக்காகப் பெருக்கியதில் அங்கே முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்துக்குள் நின்றுதான் பெருக்கினாள். காதிலிருந்து எறும்புகள் வரிசையாக இறங்கித் தோளுக்கு வந்து, ரவிக்கைக்குள் போயின.

சாருமதி குனிந்து அவள் நெஞ்சுப் பலகையைத் திறந்தாள். பை துடித்துக்கொண்டிருந்தது. யானையின் மணியைப் பிடுங்கியதும் பெருக்கிய கை நின்றது. உடல் பாதி குனிந்த நிலையில் அப்படியே இருந்தது. கண்களை மூடிவிடலாம் என்று முயன்றாள். இமைகள் அச்சிலேயே திறந்து வார்க்கப்பட்டிருந்தன.

உளுந்து அளவுப் பொருள். கையில் வைத்திருந்தால் வியர்வையில் நழுவும். எல்லாப் பெண்களும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். முந்தானையில் வைத்து முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். தோலோடு ஒட்டி, இறுக்கமாக.

எல்லைக் கல்லை நோக்கி வயலில் இறங்கினாள். தூரத்தில், மரங்களுக்கு முன்னால், மந்தை தெரிந்தது. ஏழெட்டு இருக்கும். ஒன்று தனியே முன்னால் வந்து கல்லருகில் நின்றது. அதுதான். மாலை வெளிச்சத்தில் அவை யானைகளாகவே இருந்தன. அவள் தன்னை அறியாமல் நடையைக் குறைத்தாள்.

பின்னால் விளக்குமாறு சத்தம் நின்றுபோன இடத்தில் தமுக்குச் சத்தம் எழுந்தது.

திரும்பிப் பார்த்தாள். ஊர் முழுவதும் வயலோரத்தில் நின்றிருந்தது. தேநீர்க் கடைக்காரர்கள், ருக்குமணி, பெயர் மறந்துபோனவர்கள். எல்லோருடைய முகமும் அவள் பக்கம் இருந்தது. இந்த முறை அவளைப் பார்த்தார்கள்.

இடுப்பில் முடிச்சு. அவள் நாடி அதன்மேல் துடித்துக்கொண்டிருந்தது. அவள் பயந்தாள்; அது இன்னும் வேகமாகத் துடித்தது.

"போயிரு சாமி" என்றாள் ருக்குமணி, கைகூப்பியபடி. "வந்த வழியே போயிரு சாமி."

அவர்கள் பாட்டன்மார் யானையிடம் அப்படித்தான் பேசுவார்கள். பதிலாட்களுக்குக் குரல் பதிந்தபோது அந்த மரியாதையைக் கவனமாகச் சேர்த்திருந்தார்கள்.

"நானுங்க! சாருமதி! கீழத்தோட்டத்துச் சாருமதி!"

"போயிரு சாமி" என்றது ஊர்.

முதல் வெடி அவள் காலடியில் வெடித்தது. அடுத்து எரியும் டயர் ஒன்று உருண்டு வந்தது. மீள்சுழற்சி டயர், நின்று நிதானமாக எரிந்தது. போன வருடம் கிராமசபை அடுக்ககத்திலேயே கூடியிருந்தது. விரட்டுவதில் வேகம் போதவில்லை, தீப்பந்தமும் டயரும் சேர்க்க வேண்டும் என்று ஒரு தீர்மானம். சேதம் கூடினால் இழப்பீடும் கூடும் என்றார்கள். அவள் காய்கறி நறுக்கிக்கொண்டே கையைத் தூக்கியிருந்தாள். ஒருமனதாக நிறைவேறியது.

அவள் ஓடினாள். முகமூடி எங்கோ விழுந்தது. தலையில் ஒரு கல் பட்டது. "சாமி, சாமி" என்று கெஞ்சிக்கொண்டே அடித்தார்கள்.

கல்லருகில் நின்ற யானை தீயைக் கண்டது. செய்து வைத்தபடி திரும்பியது. வலது காதுக்குப் பின்னால் மூடி தெரிந்தது. அவள் கை நீட்டினாள். ஒரு சாண் தூரத்தில் அது நகர்ந்துபோனது. அவள் பெயரைச் சுமந்துகொண்டு காட்டை நோக்கி நடந்தது.

மற்றவை போகவில்லை. அவள் பக்கம் வந்தன. ரப்பர்த் தோலின் வாடையோடு நாலு பக்கமும் சூழ்ந்துகொண்டன. தங்களில் ஒன்று அடிபட்டு வந்தால் நடுவில் வைத்துக்கொண்டு போக வேண்டும் என்பதும் அவற்றுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது. டயர்த் துண்டுகள் கோத்த ஒரு தும்பிக்கை அவள் முதுகைத் தொட்டது. தொட்ட விதம் மென்மையாகத்தான் இருந்தது. பிறகு தள்ளியது.

எல்லைக் கல் அவளைக் கடந்து பின்னால் போயிற்று. மரங்களுக்கிடையில் வெளிச்சம் குறைந்தது. தீ தொடர்ந்து வந்தது. மந்தை நடையைக் கூட்டியது. நடுவில் இருந்தவளுக்கு விழவும் இடமில்லை.

முடிச்சை அவிழ்த்து எறிந்துவிட்டால் போதும். ஊர் நின்றுவிடும். மந்தை அவளை மறந்துவிடும். மணி இலைகளுக்குள் விழும், உளுந்து அளவு. பிறகு யாராலும் தேடி எடுக்க முடியாது. கணக்கில் ஒரு யானை குறைந்தால் ஜடையப்பன் அவள் மணியை எதற்குத் திருப்பித் தர வேண்டும்? விடியும்போது கணக்கெடுப்பு முடியும். கீழத்தோட்டத்தில் யாருடைய பெயரும் கேட்காது. குழாயை நீவிக்கொண்டிருக்கும் விரல்கள் அவள் கண்முன் வந்தன.

கை இடுப்புக்குப் போயிற்று. முடிச்சைத் தொட்டது. அதை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கியது.

காதில் பேசி ஒலித்தது. ஜடையப்பன். பின்னணியில் அவர் தேநீர் உறிஞ்சும் சத்தம் கேட்டது. குரலில் நிம்மதி இருந்தது.

"பாத்தனுங்கம்மிணி, எல்லாத்தையும் திரையில பாத்துட்டுத்தான் இருந்தேன். நம்ம ஆனை மந்தையோட சேந்துருச்சு. உங்கூர்ல ஒருத்தருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லீங்க, எல்லாரும் பத்திரமா நிக்கறாங்க. நீங்க எங்கீங்கம்மிணி இருக்கறீங்க?"